சுண்ணாம்புச் சுனை

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. விழுப்புரத்தில் நாங்கள் வேலை பார்த்த எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில், பெரிய டாக்டரிலிருந்து வாசல் கூட்டுகிற அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் மாவுக்கட்டு அண்ணன். நான் அங்கே நர்ஸ். இரண்டு பேருக்கும் வீடு திண்டிவனத்தில். பதினோரு வருடம் ஒரே பாசஞ்சர் ரயிலில் போய் வந்தோம். என்னை ‘சிஸ்டரு’ என்பார். வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் மூத்தவர்.

ரயிலில் பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்காருவார். திண்டிவனத்தில் வைத்த கை விழுப்புரத்தில்தான் எழும். நெற்றியில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டமாட்டார். ஒரு நாள் பேரணி தாண்டியதும் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம். பெட்டியில் இருந்த மொத்தப் பேரும் இறங்கித் தண்டவாளத்தோரம் நின்று ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் உள்ளே, அதே இடத்தில். நான் ஜன்னல் வழியாக இறங்கி வரச் சொன்னதற்கு, “எறங்கி நின்னா வண்டி கெளம்பிடுமா சிஸ்டரு?” என்றார்.

வேலையிலும் அப்படித்தான். மாவுச் சுருளைத் தண்ணீரில் போட்டுவிட்டு, குமிழ் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றி முடித்ததும் அந்தக் காலையோ கையையோ இரு உள்ளங்கைகளிலும் ஏந்திப் பிடித்துக்கொள்வார். கட்டு இறுகும்வரை மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம் வரும். அழுதுகொண்டு வரும் பிள்ளைகள் அந்தப் பிடியில் தானாக அடங்கிவிடும். நோயாளிகளிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். “ஒடம்புக்கு ஒட்டிக்கத் தெரியும். நாமதான் ஆட்டி ஆட்டிக் கெடுக்கறோம். நீங்க சும்மா இருங்க, போதும்.”

சும்மா இருக்க முடியாதவர்களை அவருக்குப் புரிந்ததே இல்லை. விக்கிரவாண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், முழங்காலுக்குக் கீழே உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டு போனவர், மூன்றாவது வாரமே அரிவாளால் கட்டை அறுத்துப்போட்டுவிட்டுக் கொல்லை வேலைக்குப் போய்விட்டார். கால் கோணி வந்து நின்றார். மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்க ஆள் கிடைக்கவில்லை, மழை வேறு வந்துவிட்டது, என்னதான் செய்வது என்று அவர் மனைவி அழுதாள். அண்ணன் திட்டவில்லை. காது கேட்காதவர் மாதிரி வேலையை முடித்தார். அன்று ரயிலில் மட்டும் சொன்னார்: நாற்பது நாள் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறான், இனி ஆயுசு முழுக்க நொண்டப்போகிறான் என்று. மல்லாட்டையை யார் பிடுங்கியிருப்பார்கள் என்று நான் கேட்டேன். அது தன் கேள்வி இல்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அந்த நேரத்தில் ஒரு மாதிரி இருந்தது.

அவரிடம் கட்டுப் போட்டுக் குணமான ஆட்டுக்காரர் ஒருவர்தான் அந்த இலையைக் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போனால் வரும் காப்புக்காட்டில் ஆடு மேய்ப்பவர். துண்டில் முடிந்து எடுத்து வந்தார். பார்த்தால் ஆல இலை. நரம்பு, காம்பு, பூச்சி அரித்த ஓட்டை எல்லாம் இருந்தது. கையில் வாங்கினால் கல். காட்டுக்குள் ஒரு சுனை இருக்கிறது, அதில் விழுவதெல்லாம் கொஞ்ச நாளில் இப்படி ஆகிவிடும் என்றார் ஆட்டுக்காரர். பூமிக்கு அடியில் சுக்கான் பாறை ஓடுகிறது, தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து மேலே விட்டுவிடுகிறது என்று அவருக்கு அவருடைய பெரியப்பா சொன்னாராம். எனக்கு அதிகம் தெரியாது. சுற்று வட்டாரம் முழுக்கக் கருங்கல்தான்.

அண்ணன் அந்த இலையைக் கட்டுப் போடும் அறையின் ஜன்னலில் வைத்தார். டாக்டரைக்கூடத் தொடவிடவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்தபிறகு, என்னையும் என் வீட்டுக்காரரையும் அங்கே கூட்டிப்போனார். அவருடைய மகனும் வந்தான். ஒரே பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக்கு அழைப்பு வரக் காத்திருந்தான். ஓரிடத்தில் நிற்கமாட்டான். பேசும்போது கை பேசும், கால் தாளம் போடும். அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சு ஒத்துப்போனதில்லை. ஆனால் அவர் டூவீலருக்கு ஏதாவது ஆனால் அவன்தான் பிரித்து மாட்டுவான். அப்போது அவன் கைகளை அவர் பார்த்துக்கொண்டே நிற்பார்.

சுனை பெரிதில்லை. ஒரு பாறை இடுக்கிலிருந்து விரல் தடிமனில் தண்ணீர் வருகிறது. அது இறங்கும் வழியெல்லாம் வெளேரென்று கல் படிந்து, ஒன்றின்கீழ் ஒன்றாகக் கிண்ணங்கள் மாதிரி ஆகியிருந்தது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மெல்லிய விளிம்பு. உள்ளே தெளிந்த தண்ணீர். அடியில் காடை முட்டை அளவுக்கு வெள்ளை உருண்டைகள். பாறையிலிருந்து தொங்கிய பாசியின் மேல்பாதி கல்லாகிவிட்டது, நுனி மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது. சுள்ளி, காரைமுள், நத்தைக்கூடு, ஒரு வண்டு, எல்லாம் அதனதன் உருவத்தில் கல். அழகுதான். ஆனால் எனக்கு அங்கே அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை. அந்த வண்டு கால்களை நீட்டியபடி இருந்தது.

“இதுவும் கட்டு போடற தண்ணிதான் சிஸ்டரு,” என்றார் அண்ணன். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு ஒரு நூல் கனம்கூட ஏறாது, ஆனால் ஏறினது இறங்காது என்றார். அதற்குள் மகன் மேல் கிண்ணத்துக்குத் தாவினான். விளிம்பு சடக்கென்று உடைந்து தண்ணீர் கொட்டிவிட்டது. அவன் சிரித்தான். அண்ணன் முகம் மாறியது. உடைந்த துண்டைப் பொறுக்கிப் பொருத்திப் பார்த்தார். “எத்தினி வருசமா அசையாம இருந்துச்சோ,” என்றார். வீடு வந்து சேரும்வரை மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மகனுக்கு அந்த ஒரகடத்து வேலைக்கு அழைப்பு வந்தது. சேருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மதியம், ஹைவேயில் அவன் வண்டி சறுக்கி விழுந்தான். வலது முன்கை எலும்பில் விரிசல். திண்டிவனத்திலேயே எக்ஸ்ரே படம் எடுத்துவந்தார்கள். அண்ணன் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு டாக்டர் வேண்டாம் என்று வீட்டிலேயே கட்டுப் போட்டுவிட்டார். அக்கம்பக்கத்துக்காரர்களுக்காக மாவுச் சுருள் எப்போதும் வீட்டில் இருக்கும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அடிபட்ட புதிதில் கை வீங்கும். அதனால் முதலில் ஒரு பக்கம் திறந்திருக்கும் அரைக்கட்டுத்தான் போடுவோம். வீக்கம் வடிந்த பிறகே முழுக்கட்டு. முதல் நாளே முழுக்கட்டுப் போட்டால் வீங்குவதற்கு இடமில்லாமல் சதை உள்ளேயே நசுங்கும், ரத்தம் ஓடாது. விரல் வெளுக்கும், மரத்துப்போகும். சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். விரல் வெளுத்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, முதலில் கட்டை வெட்டு என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அப்படிப்பட்டவர் தன் மகனுக்கு முதல் நாளே முழுக்கட்டுப் போட்டார். இவன் அரைக்கட்டில் அடங்கமாட்டான், ஆட்டிவிடுவான் என்று நினைத்தார்.

ஞாயிறு சாயங்காலமே வலிக்கிறது என்று அவன் கத்த ஆரம்பித்துவிட்டான். சும்மா இரு, அசைக்காதே, சரியாகிவிடும் என்றார் அப்பா. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டார். சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது விரல்கள் கறுத்திருந்தன. கட்டை வெட்டி, புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கையை வெட்டாமல் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான். சதை செத்துப்போய், விரல்கள் உள்பக்கமாக மடங்கி, பறவையின் கால் மாதிரி ஆகிவிட்டது. ஸ்பேனர் பிடிப்பது இருக்கட்டும், ஒரு டம்ளர்கூட அதில் நிற்காது.

காலையில் பார்த்தபோது விரல் நன்றாகத்தான் இருந்தது என்று புதுச்சேரி டாக்டர்களிடமும், மனைவியிடமும், எங்கள் ஆஸ்பத்திரியிலும் அண்ணன் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அவர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? பையன்தான் கையை ஆட்டியிருப்பான் என்றுகூட ஒருவர் சொன்னார். அண்ணன் அதை மறுக்கவில்லை.

மகன் சென்னைக்குப் போய்விட்டான். ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்காரும் வேலை. அப்பாவோடு போனில்கூடப் பேசுவதில்லை.

ஒரு வருடம் கழித்து அண்ணனின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் காட்டுக்குப் போய்விடுகிறார், இருட்டும் நேரத்துக்குத்தான் வருகிறார், கையெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறது, கேட்டால் வாயைத் திறப்பதில்லை என்றார். “நீங்க ஒருவாட்டி போயி பாருங்க சிஸ்டர். உங்க பேச்ச கேப்பாரு.” அவர் ரயிலில் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்திருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

போனேன். சுனையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முன்பு மகன் உடைத்த கிண்ணத்துக்குக் கீழே, இரண்டு கல் உதடுகள் நெருங்கிச் சேரும் ஒரு பிளவு. அதற்குள் வலது கையைத் திருகி நுழைத்திருந்தார். மணிக்கட்டை இரண்டு பக்கமும் கல் கவ்வியிருந்தது. மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கை ரோமங்களில் வெள்ளை படிந்திருந்தது. பிளவின் மறுபக்கம் வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தேன். மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

“எவ்ளோ நேரமாண்ணே?”

“காலைல வெச்சேன்.”

“எதுக்கு?”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அவன் ஒரு பகல் பூரா வெச்சிருந்தான் சிஸ்டரு. நான் மூணு மணி நேரத்துக்கு மேல முடியாம எடுத்துடறேன்.”

நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. தண்ணீரை அள்ளி விட்டு, திருகி, தோல் உரிந்துதான் வந்தது. மணிக்கட்டைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு புண். ஆறியும் ஆறாமலும் பல வாரத்துப் புண் அது. அவருக்குச் சர்க்கரை வேறு உண்டு. பையிலிருந்த துணியைக் கிழித்துக் கட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் போனார்.

வேறு வழி தெரியாமல் மகனுக்குப் போன் செய்தேன். அவர் அங்கே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தன் கை வந்துவிடுமா என்று கேட்டான். ஆனாலும் இரண்டு வாரம் கழித்து வந்தான். கூட்டேரிப்பட்டில் இறங்கினான். நான் அழைத்துப்போனேன். முன்பு பேச்சுக்குப் பேச்சு ஆடும் அந்தக் கையை பேண்ட் பாக்கெட்டில் செருகியிருந்தான்.

அப்பா அதே இடத்தில், அதே மாதிரி. மகனைக் கண்டதும் கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. மகன் உதவிக்குக் குனியவில்லை. எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

“ஒண்ணு கேக்கறதுக்குத்தான் வந்தேன். காலைல நல்லாத்தான் இருந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. திங்கக்கிழம காலைல நீ கெளம்பறப்போ கைய நீட்டிக் காமிச்சேன். வெரல் வெளுத்துக் கெடந்துச்சு. நீ பாத்தியா, பாக்கலையா?”

அப்பா கையை இழுப்பதை விட்டார்.

“பாத்தேன்,” என்றார்.

“வெளுத்திருந்துச்சா?”

“வெளுத்திருந்துச்சு.”

“தெரிஞ்சுதான் வேலைக்குப் போனியா?”

“ஆமா. நான் போட்ட கட்டு. தப்பா இருக்காதுன்னு போயிட்டேன்.”

மகன் தலையை ஆட்டினான். அவன் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. பிறகு எழுந்து, “எனக்குப் பைத்தியம் இல்ல. அது போதும்,” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் சுனைக்குப் போகவில்லை. கட்டுப் போடும் வேலையையும் விட்டுவிட்டார். ஆனால் மணிக்கட்டுப் புண் ஆறவில்லை. உள்ளுக்குள் போய்விட்டது. கையை எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மனைவி காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். வலி இருந்திருக்கும். ஒரு முனகல் இல்லை.

மகன் வந்து கொள்ளி வைத்தான். கருமாதி வரைக்கும் இருந்தான். அன்று மாலை சென்னை பஸ்ஸுக்காகத் திண்டிவனத்தில் நின்றுகொண்டிருந்தவனிடம், இதுவரை உங்களிடமும் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை ரயிலில் அவர் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட ஒரு பையன் வலி என்று கத்திக்கொண்டே இருக்கிறான், விரல் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது என்றார். யாரென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போட்ட கட்டா என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றார். மயிலம் ஸ்டேஷன் வந்தது. அவர் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். “நீங்க போட்ட கட்டுன்னா ஒண்ணும் ஆவாதுண்ணே, கைய மேல தூக்கி வெக்கச் சொல்லுங்க,” என்று நான் சொன்னேன். பத்து வருடமாக நர்ஸ். அவரிடமே பாடம் கேட்டவள். அவர் வாசல் வரைக்கும் போயிருந்தார். வண்டி கிளம்பியது. வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று சுனையோரம் மகன் கேட்டபோது, என் பெயரை அவர் எடுக்கவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சென்னை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லி விசில் அடித்தார். அவன் ஏறவில்லை.

“எழுந்தாராக்கா?” என்றான்.

“எழுந்தாருப்பா. மயிலத்துல. பைய மாட்டிக்கினு வாசப்படி வரைக்கும் போனாரு.”

பஸ் போய்விட்டது. மடங்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். மறுபடி சொல்லச் சொன்னான்.

சொன்னேன்.